தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல ஆண்டுகளாகத் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது யாராவது ஒருவர் போனை நீட்டி, "டீச்சர், இந்த ஆப் போட்டுக் கொடுக்கலாமா?" என்று கேட்பார். நின்றபடி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக் கூடிய பதில் இல்லை அது. அப்படி வந்த கேள்விகளையும், உட்கார்ந்து நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். 5 வயதிலிருந்து 10 வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது.

நல்லதா இல்லையா என்று சட்டென்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.

வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொல்லிப் பாருங்கள். நான் முதலில் செய்வது இதுதான்.

சரியான பதிலுக்கு எல்லா மென்பொருளும் கைதட்டும், நட்சத்திரம் காட்டும். அதில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பிள்ளை தப்பு செய்யும் அந்த நொடியில்தான் வித்தியாசம் வெளியே வரும். கற்பித்தல் நடக்க வேண்டிய இடமும் அதுதானே.

ஓர் எடுத்துக்காட்டு. 52-இல் இருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். ஒன்றுகள் இடத்தில் 2-இல் இருந்து 7 போகாது. அதனால் 7-இல் இருந்து 2-ஐ எடுத்து 5 போட்டுவிடுவார்கள். பிறகு 5-இல் 2 போனால் 3. கவனக்குறைவில் வருகிற தப்பு இல்லை இது. "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி" என்று பிள்ளை தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தப்புகளை ஆராய்ந்து, பல தப்புகளுக்குப் பின்னால் இப்படி ஒரு நிலையான வழிமுறை இருப்பதைக் காட்டினார்கள். ஆசிரியர்கள் பழகுவதற்கு அவர்கள் ஒரு கணினி விளையாட்டையும் உருவாக்கினார்கள். கணினி தப்புத் தப்பாகக் கணக்குப் போட்டுக் காட்டும். எந்த வழியில் தப்பு நடக்கிறது என்று ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் சோதிக்கும் மென்பொருளில் 35 என்று போடுங்கள். ஒரு வகை சிவப்புப் பெருக்கல் குறி காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். இன்னொரு வகை "சரியான விடை 25" என்று சொல்லிவிட்டுப் போகும். இரண்டிலும் பிள்ளை தன் தப்பான விதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டே அடுத்த கணக்குக்கு நகரும். மூன்றாவது வகை நின்று நிதானிக்கும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு ஒற்றைக் குச்சிகளையும் திரையில் காட்டி, "இதிலிருந்து ஏழு குச்சிகளை எடு" என்று சொல்லும். பிள்ளை ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். கடன் வாங்கிக் கழித்தல் என்று நாம் சொல்வதற்கு என்ன பொருள் என்று அங்கே அதற்குப் புரியும். இந்த மூன்றாவது வகையைத்தான் தேட வேண்டும்.

கூடவே இன்னும் இரண்டு சோதனைகள். ஒன்று, தொடர்ந்து ஐந்து முறை தப்பாகப் போடுங்கள். கணக்கு எளிதாகிறதா, வேறு விதமாக விளக்குகிறதா, இல்லை அதே கேள்வியே திரும்ப வருகிறதா? இரண்டு, யோசிக்காமல் கைக்கு வந்த இடத்தில் எல்லாம் தட்டிக்கொண்டே போங்கள். அப்படித் தட்டியே ஒரு கட்டத்தைத் தாண்டிவிட முடிந்தால், உங்கள் பிள்ளை அதை இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடும்.

"கல்வி" பிரிவில்தானே இருக்கிறது? நட்சத்திர மதிப்பீடும் நன்றாக இருக்கிறதே?

கல்விப் பிரிவில் போட வேண்டும் என்று முடிவு செய்வது பெரும்பாலும் அதை உருவாக்கியவர்களே. நட்சத்திரம் கொடுப்பவர்கள் பிள்ளை அழாமல் விளையாடியதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். பிள்ளை எதையாவது கற்றதா என்பதை அந்த நட்சத்திரம் அளப்பதில்லை.

2007-இல் அமெரிக்கக் கல்வித்துறை ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 132 பள்ளிகளில், 1 மற்றும் 4-ஆம் வகுப்பு வாசிப்பு, 6-ஆம் வகுப்புக் கணிதம், இயற்கணிதம் ஆகியவற்றுக்கான மென்பொருள்களைப் பயன்படுத்திய வகுப்புகளையும் பயன்படுத்தாத வகுப்புகளையும் ஒப்பிட்டார்கள். தேர்வு மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மென்பொருளே வீண் என்று இதற்குப் பொருள் எடுக்கக் கூடாது. 1-ஆம் வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு மாணவர் எண்ணிக்கை குறைவாக இருந்த இடங்களில் பலன் கூடுதலாகத் தெரிந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. சுற்றியிருக்கும் மனிதர்களைப் பொறுத்துத்தான் மென்பொருளின் பலன் அமைகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

"மூளையை வளர்க்கும்", "நினைவாற்றலைக் கூட்டும்" என்று பொதுவாகச் சொல்லும் விளம்பரங்களிடம் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. லுமாசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற நிறுவனம், ஆதாரம் இல்லாத வாக்குறுதிகள் கொடுத்ததாக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதை விட "இரண்டு இலக்கக் கழித்தல்" என்று குறுகலாகச் சொல்லும் மென்பொருள் மேல். அது சொன்னதைச் செய்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.

விளையாட்டு மாதிரி இருந்தால்தான் என் பையன் உட்காருகிறான். அது தப்பா?

தப்பே இல்லை. ஆனால் விளையாட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டால் ஒரு நாணயம், பத்து நாணயம் சேர்ந்தால் பொம்மைக்குப் புதுச் சட்டை. இங்கே விளையாட்டு வேறு, கணக்கு வேறு. பிள்ளைக்குக் கணக்கு என்பது சட்டைக்குக் கொடுக்கும் விலை. சீக்கிரம் முடித்துவிட்டு அலங்காரத்துக்குப் போகத்தான் தோன்றும். இன்னொரு விளையாட்டில் 10 எடை தாங்கும் பாலம் இருக்கிறது. 6 உள்ள ஒரு வண்டி நிற்கிறது, கூட எந்த வண்டியை அனுப்பலாம் என்று பிள்ளை தேட வேண்டும். இங்கே கணக்கு போடுவதே விளையாட்டு. கணக்கை எடுத்துவிட்டால் விளையாட்டு மிஞ்சாது. இரண்டாவது வகைதான் நமக்கு வேண்டும்.

2015-இல் கேத்தி ஹிர்ஷ்-பாசெக்கும் அவரோடு பணியாற்றிய உளவியலாளர்களும் கல்விச் செயலிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் நான்கு கேள்விகளை முன்வைத்தார்கள். பிள்ளை மூளையைப் பயன்படுத்துகிறதா, கவனம் சிதறாமல் இருக்கிறதா, கற்பது அதன் வாழ்க்கையோடு ஒட்டுகிறதா, இன்னொரு மனிதரோடு பேச வைக்கிறதா? இரண்டாவது கேள்வியில்தான் பல செயலிகள் தோற்கின்றன. கதை படிக்கும்போது ஓரத்தில் இருக்கும் பூனையைத் தொட்டால் குதிக்கும், நிலாவைத் தொட்டால் பாடும். பார்க்க அழகுதான். ஆனால் பிள்ளைக்குப் பூனை நினைவிருக்கும், கதை நினைவிருக்காது.

தப்பான விடைக்கு வேடிக்கையான வெடிச்சத்தம் வருகிறதா என்றும் கவனியுங்கள். அந்தச் சத்தத்துக்காகவே தப்பாகப் போடும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் மகள் 4-ஆம் வகுப்பு. 2-ஆம் வகுப்புக் கணக்கே சரியாக வரவில்லை. எந்த வகுப்புக்கானதை எடுப்பது?

2-ஆம் வகுப்புக்கானதை. தயங்கவே வேண்டாம்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் பெற்றோர் குரலில் ஒரு கூச்சம் இருக்கும். அது தேவையே இல்லை. ஒரே வகுப்பில் மூன்று நான்கு வகுப்பு வித்தியாசத்தில் பிள்ளைகள் இருப்பது எல்லா இடத்திலும் உள்ள உண்மை. ஓர் ஆசிரியரால் நாற்பது பேருக்கு நாற்பது விதமாக எடுக்க முடியாது. மென்பொருளால் உண்மையிலேயே செய்ய முடிகிற பெரிய உதவி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்திய மாணவர்களைப் பற்றி முரளிதரன், சிங், கானிமியன் ஆகிய மூவர் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. அவர்கள் பார்த்தது நடுநிலைப் பள்ளி மாணவர்களை. பலர் தங்கள் வகுப்புக்கு மிகவும் பின்தங்கி இருந்தார்கள். அந்த மென்பொருள் ஒவ்வொருவரையும் சோதித்து, அவரவர் நிற்கும் படியிலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அங்கே மென்பொருளோடு சின்னக் குழுக்களாக ஆசிரியர் உதவியும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, தொடக்கத்தில் பிள்ளையின் நிலையைச் சோதிக்கிறதா, கீழே இறங்கிப் போக அனுமதிக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, "2-ஆம் வகுப்பு" என்று திரையில் பெரிதாக எழுதிக் காட்டாததாக இருந்தால் நல்லது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மானம் உண்டு.

எந்த வயதுக்கு எது பொருத்தம்?

இன்னும் படிக்க வராத பிள்ளைக்கு எல்லாக் கட்டளைகளும் குரலில் வர வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 6 வயதுக்கான கணக்கு மென்பொருளில் நீளமான எழுத்துக் கேள்வி வந்தால், அங்கே சோதிக்கப்படுவது வாசிப்புதான். பொத்தான்கள் பெரிதாக, ஒரு திரையில் ஒரே வேலையாக இருக்கட்டும். 8 வயதுக்கு மேல் கட்டங்களைத் தானே தேர்ந்தெடுக்கவும், தான் செய்ததைச் சேமித்து மறுநாள் திருத்தவும் இடம் இருக்க வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் வயது ஒரு தோராயமான குறிப்பு மட்டுமே.

தமிழ் கற்றுக்கொடுக்கும் மென்பொருளில் எதைப் பார்ப்பது?

இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் மனம் வருந்தும் அளவுக்கு ஏமாற்றங்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் சோதனை: "பொம்மை" என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பொ, ம், மை என்று மூன்று எழுத்து வர வேண்டும். தமிழ் அறியாமல் செய்த மென்பொருளில் ஆறு துண்டு வரும். கணினி உள்ளே இந்தச் சொல்லை ப, ஒகரக் குறி, ம, புள்ளி, ம, ஐகாரக் குறி என்று ஆறு குறியீடுகளாகத்தான் சேமிக்கிறது. அதை அப்படியே பிள்ளைக்குக் காட்டினால், தனியாக மிதக்கும் புள்ளியையும் கொம்பையும் பார்த்துப் பிள்ளை திகைத்துப்போகும். "அம்மா"வில் ஐந்து எழுத்து என்று சொல்லும் விளையாட்டை உடனே மூடிவிடலாம்.

அடுத்தது ஒலி. ல, ள, ழ மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ர, ற வித்தியாசம் தெரிகிறதா? இயந்திரக் குரலா, மனிதக் குரலா? இந்த வயதில் காதில் விழுவதுதான் நாக்கில் நிற்கும். ஒலி தப்பான செயலியைவிடச் செயலியே இல்லாதது மேல்.

மூன்றாவது, எழுத்துகளை அறிமுகம் செய்யும் வரிசை. 247 எழுத்தையும் வரிசையாகக் காட்டிவிட்டு அப்புறம் சொல்லுக்கு வருவது ஒரு வழி. ப, ட, ம் என்று சில எழுத்துகளைக் காட்டி உடனே "படம்", "பட்டம்" என்று படிக்க வைப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே "நான் படிக்கிறேன்" என்ற மகிழ்ச்சி கிடைக்கும். எழுதப் பழக்குவதாக இருந்தால், கோடு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் போகிறது என்று காட்ட வேண்டும். எப்படி வரைந்தாலும் "சபாஷ்" சொல்வது பழக்குவதே ஆகாது.

வாசிப்புக்கு மட்டும் என்றால், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படங்களோடு, படிநிலை வாரியாக, இலவசமாக இருக்கின்றன.

இலவசமானது போதுமா, சந்தா கட்ட வேண்டுமா?

இலவசம் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யாரோ அன்போடு உருவாக்கிப் பொதுவில் வைத்தது. இன்னொன்று, விளம்பரத்தாலோ உள்ளே இருக்கும் பூட்டுகளாலோ பணம் எடுப்பது. முதல் வகையில் அருமையானவை இருக்கின்றன. ஜிகாம்ப்ரி 2000-ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வருகிறது. 2 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகள். பெயரைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தால் "புரிந்துவிட்டது" என்று ஒலிக்கும். டக்ஸ் பெயின்ட் 2002-இல் வந்த ஓவிய மென்பொருள். கான் அகாடமி கிட்ஸ் 2018-இல் வந்தது. ஆங்கிலத்தில் இருக்கிறது, விளம்பரம் இல்லை. முதலில் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, எது குறைகிறது என்று தெரிந்த பிறகு காசு கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள்.

விளம்பரம் வரும் எதையும் இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எது பாடம், எது விளம்பரம் என்று அவர்களால் பிரித்துப் பார்க்க முடியாது. சந்தா எடுத்தால், இலவச நாட்கள் முடிந்ததும் தானாகப் பணம் போகுமா, நிறுத்துவது எப்படி என்பதை எடுக்கும் அன்றே பார்த்து வையுங்கள்.

பிள்ளையின் விவரங்களைக் கேட்கிறதே, கொடுக்கலாமா?

வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் செயலிக்கு நீங்கள் இருக்கும் இடம் எதற்கு? தொடர்பு எண்கள் எதற்கு? வாசிப்புப் பயிற்சி என்றால் ஒலிவாங்கி தேவைப்படலாம், அதில் நியாயம் இருக்கிறது. வேலைக்குத் தொடர்பில்லாத அனுமதியை மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் செயலி ஓட மாட்டேன் என்றால் நீக்கிவிடுங்கள்.

அமெரிக்காவில் 1998-இல் இயற்றி 2000-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைச் சேகரிக்கப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2023 சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோருக்கும் அதைக் கேட்கிறது. சட்டம் இருந்தாலும், முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் பிறந்த தேதியும் கொடுக்காமல் ஒரு செல்லப்பெயரில் கணக்குத் தொடங்குவதே நல்லது. முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி உள்ளே இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாது என்றால் வேண்டாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு 15 முதல் 20 நிமிடம். அதற்கு மேல் தட்டுவது வேகமாகும், யோசிப்பது குறையும். உலக சுகாதார அமைப்பு 2019-இல் தந்த வழிகாட்டுதல் 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது. அது பள்ளிக்கு வருமுன் உள்ள வயது. பள்ளிப் பிள்ளைக்குத் தூக்கம், ஓடி விளையாடுவது, வீட்டில் பேசிக்கொண்டிருப்பது ஆகியவை குறையாத அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் சில நாள் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். விடை சொல்லித்தர வேண்டாம். "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்த வயதில் நிரல் எழுதக் கற்றுத்தரலாமா?

தாராளமாக. ஆனால் வேலைக்கான பயிற்சியாக நினைக்க வேண்டாம். 1967-இல் சேமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்சிக், சிந்தியா சாலமன் ஆகியோர் பிள்ளைகளுக்காகவே லோகோ மொழியை உருவாக்கினார்கள். பின்னால் அதில் ஓர் ஆமை சேர்ந்தது. "முன்னே 50, வலப்பக்கம் 90" என்று நான்கு முறை சொன்னால் அது சதுரம் வரையும். முக்கோணம் வரைய எவ்வளவு திரும்ப வேண்டும்? பிள்ளை 60 என்று சொல்லிப் பார்க்கும். ஆமை வேறெங்கோ போகும். தப்பைப் பார்த்து, திருத்தி, கடைசியில் 120 என்று கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! அங்கே யாரும் சிவப்புக் குறி போடவில்லை. ஆமை போன வழியே தப்பைச் சொல்லிவிட்டது.

இன்று அந்த வழியில் வந்தவை, எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் (8 வயதுக்கு மேல்), 2014-இல் வந்த ஸ்க்ராட்ச் ஜூனியர் (5 முதல் 7 வயது). இரண்டும் இலவசம்.

வாசிப்பதில் சிரமப்படும் பிள்ளைக்கு?

எழுத்தைப் பெரிதாக்க, வரிகளுக்கு இடைவெளி கூட்ட, உரையைக் குரலில் கேட்க முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரக் கடிகாரத்தை அணைக்க முடிய வேண்டும். விடை தெரிந்த பிள்ளைகூடக் கடிகாரம் ஓடுவதைப் பார்த்து உறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சிரமம் இல்லாத பிள்ளைக்கும் கடிகாரத்தை அணைத்தே தொடங்குங்கள்.

பாடம் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவோடு பிள்ளையை விடலாமா?

தனியாக விட வேண்டாம். அது தப்பையும் சரியையும் ஒரே உறுதியோடு சொல்லும், 8 வயதுப் பிள்ளையால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கேட்டவுடன் விடை வந்துவிட்டால் முயன்று பார்க்கும் பழக்கமும் போய்விடும். நீங்கள் கூட இருந்து, கதைக்கு ஒரு தொடக்கம் கேட்பது போன்ற வேலைக்குப் பயன்படுத்தலாம்.

பள்ளிக்கு வாங்கப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?

கருவி வாங்கிவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் கொடுத்த திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். கணித, மொழித் தேர்வுகளில் முன்னேற்றம் தெரியவில்லை.

விற்பவரின் செயல்விளக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு ஆசிரியர்களிடம் நான்கு வாரம் கொடுத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவர் கணினி என்றால் தயங்குபவராக இருக்கட்டும். சிரமங்கள் அவரிடமிருந்துதான் தெரியவரும். பிள்ளைகள் உள்ளே நுழையவே பத்து நிமிடம் ஆகிறதா? இணையம் விட்டு விட்டு வந்தால் செய்தது அழிந்துவிடுகிறதா? இணையமே இல்லாத இடம் என்றால், ஒரு கணினியில் பாடங்களை இறக்கி வகுப்புக்குள்ளேயே பகிரும் கோலிப்ரி போன்றவை இருக்கின்றன.

கடைசியாக, ஆசிரியருக்கு வரும் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "இந்த வாரம் 42 நிமிடம், 85 புள்ளி" என்று மட்டும் இருந்தால் நாளைக்கு வகுப்பில் நான் எதையும் மாற்ற முடியாது. "இந்த ஆறு பேர் கழித்தலில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை எடுக்கிறார்கள்" என்று இருந்தால், காலையில் முதல் வேலையாக அந்த ஆறு பேரையும் குச்சிக் கட்டுகளோடு என் மேசைக்கு அழைத்துக்கொள்வேன்.